கேன் தனியாகப் போகட்டும்

பிப்ரவரி 4

பாதுகாப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு,

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில், "ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று போட்டு, கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். சொந்தக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாய் என்பதால் சொல்கிறேன். உயிரியல் துறைக் கட்டடத்துக்குப் பின்னால் பெரிய தொட்டி இருக்கிறது. அதிலிருந்து திரவ நைட்ரஜனைக் கேனில் பிடித்து, தள்ளுவண்டியில் வைத்து, மூன்றாவது மாடி ஆய்வகத்துக்கு ஏற்றிக் கொடுக்கிறேன். பட்டால் அது கொதிக்கிற எண்ணெயைப் போலத் தோலைப் பொசுக்கிவிடும், ஆனால் குளிர். அங்கே உறைய வைத்திருக்கிற சாமான்கள் எல்லாம் அதை நம்பித்தான் கெடாமல் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதாக யாராவது சொல்லட்டும்.

இப்போது நீங்கள் "பாதுகாப்புச் செயல்முறை" என்று இரண்டு தாள் அனுப்பியிருக்கிறீர்கள். அடியில் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். எல்லாரும் நின்ற வாக்கிலேயே போட்டுவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் என்னிடம், "போடுங்க பாட்டி, யாரு இதையெல்லாம் படிச்சா?" என்கிறான். நான் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். ஐந்தாவது வரைக்கும் போனவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் முழுக்கப் படித்தேன். படித்தேன் என்பது உண்மை. புரிந்துகொண்டேன் என்பது பொய். பொய்க்குக் கீழே என் பெயரை வைக்க மாட்டேன்.

முக்கியமாக ஏழாவது விதி. "கேன் லிஃப்டில் செல்லும்போது எவரும் உடன் செல்லக் கூடாது." கேனைத் தனியாக அனுப்பிவிட்டு நான் படியேறிப் போக வேண்டுமா? அந்த லிஃப்ட் நினைத்த இடத்தில் நின்றுவிடும் சனியன். கைக்குழந்தையை யாராவது தனியாக அனுப்புவார்களா? நான் என்ன திருடிவிடப் போகிறேனா? இது என்னை மனதில் வைத்து எழுதின விதி என்று எனக்குத் தெரியும்.

உன் மூத்த ஓரகத்தி

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் ஆட்சேபனை பெறப்பட்டது. செயல்முறை எந்தத் தனிநபரையும் மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. எல்லா வளாகங்களுக்கும் பொதுவானது. விதிகளுக்கான காரணங்கள் சென்ற மாதம் நடந்த பயிற்சியில் விளக்கப்பட்டன. வருகைப் பதிவில் தாங்கள் கலந்துகொண்டதாக இருக்கிறது.

மார்ச் மாத முடிவுக்குள் கையெழுத்திடாதவர்கள் அந்தப் பணியில் தொடர முடியாது. வேறு பணிக்கு மாற்றப்படுவார்கள். தயவுசெய்து கையெழுத்திட்டுவிடுங்கள்.

அலுவலகத் தாளில் இவ்வளவுதான் எழுத முடியும். அக்கா, போட்டுவிடுங்களேன். இவரும் அதைத்தான் சொல்கிறார்.

*

பிப்ரவரி 15

கொழுந்தன் பெண்டாட்டிக்கு,

"இவரும் அதைத்தான் சொல்கிறார்" என்று என் கொழுந்தனை நடுவில் இழுக்காதே. அவன் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அவனுக்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் கிடையாது.

பயிற்சிக்கு வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் ஒருவர் திரையில் படம் படமாகப் போட்டு, பாதி வேற்று மொழியில் பேசினார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் குறட்டை விட்டான். கடைசியில் "சந்தேகம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மைக்கை அணைத்துவிட்டார். அந்தப் பயிற்சிதானே?

அத்தை படுக்கையில் கிடந்தபோது நீ செய்ததும் இதே வேலைதான். அறை முழுக்க ஆட்கள், நர்ஸ் வேறு. மருந்துக் குப்பியை என் கையிலிருந்து பிடுங்கி, "அக்கா, விடுங்க, உங்களுக்குப் படிக்க வராது" என்றாய். நீலப் புடவை கட்டியிருந்தாய். நர்ஸ் சிரித்தாள். நான் செத்தாலும் அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். செய்யாதே என்று சொல்ல உனக்கு வாய் வரும். ஏன் என்று சொல்ல வராது. அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஸ்டோர் கீப்பர் நேற்று என்னைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போடாவிட்டால் தோட்டத்தில் சருகு அள்ளப் போட்டுவிடுவார்கள் என்று பயம் காட்டினான். "அள்ளுறேன், அங்கயும் பொய் எழுதித் தரச் சொன்னா அதையும் போட மாட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வேலையை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்? காலையில் தொட்டியின் குழாயைத் திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டு ஓடுமே, அதைப் பார்க்காமல் எனக்கு நாள் தொடங்காது.

மூத்தவள்

*

பிப்ரவரி 22

அக்கா,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத் தாள் இல்லை.

அது கண்ணுக்கு விடும் மருந்து இல்லை. காதுக்கு விடுவது. நீங்கள் அத்தையின் இமையை விரலால் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் கண்ணில் விழுந்திருக்கும். குப்பியைப் பிடுங்கினேன். வாயில் வந்ததைச் சொன்னேன். பதினோரு வருஷமாக நீங்கள் நர்ஸின் சிரிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அத்தையின் கண்ணை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஏழாவது விதி. ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள்.

திரவ நைட்ரஜன் சும்மா இருக்காது. ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு சொம்பு ஆவியானால் ஏறக்குறைய எழுநூறு சொம்பு காற்றாக விரியும். அது விஷம் இல்லை. ஆனால் இருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டுகிற மாதிரிகூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற புகை வெறும் நீராவி. புகை போன பிறகும் ஆபத்து அங்கேதான் நிற்கும். தலை லேசாகச் சுற்றும், ஆள் விழுந்துவிடுவார், அவ்வளவுதான். லிஃப்ட் ஒரு மூடின பெட்டி. நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் கூப்பிடக்கூட மாட்டார். வேறு ஊரில் ஒரு ஆய்வகத்தில் இருவர் அப்படிப் போனார்கள். அவர்களும் நம்பிக்கையாக வேலை செய்தவர்கள்தான்.

உங்களைத் திருடி என்று நான் நினைப்பேனா?

இன்னும் இரண்டு. கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும் என்பது எதற்கென்றால், உள்ளே சிந்தினால் ஒரே உதறலில் கழற்றி எறிய. மூடியை இறுக்கக் கூடாது என்பது எதற்கென்றால், ஆவி வெளியே போக வழியில்லாவிட்டால் கேன் வெடிக்கும்.

உங்கள் கேனின் வெளிப்பக்கத்தில் பனி பூக்கிறதா? பூத்தால் அது கெட்டுப்போன கேன். சாதாரணத்தைவிட வேகமாக ஆவியாகும். பதில் எழுதுங்கள்.

*

பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பனி பூக்கும். அந்தப் பழைய கேன் வருஷக் கணக்காகப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று நான் துடைப்பதுகூட இல்லை.

யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை உனக்கு எழுதுகிறேன். வேறு வழியில்லை. போன வருஷக் கடைசியில் இரண்டு தடவை லிஃப்ட் நடுவில் நின்றது. நான் உள்ளே கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை சுற்றி, முழங்கால் மடங்கி, சுவரோடு சாய்ந்துவிட்டேன். கதவு திறந்ததும் சரியாகிவிட்டது. ஆயுசு முடியப் போகிறது, உடம்பு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் அடுத்த வருஷ வேலை நீட்டிப்புக் கிடைக்காதே என்று வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து படியேறும்போதுகூடக் கைப்பிடியை விடுவதில்லை. பேத்தியைத் தூக்குவதில்லை, கீழே போட்டுவிடுவேனோ என்று.

அது நைட்ரஜனா?

நான் கிழவி ஆகவில்லையா?

நேற்று வைத்தியரிடம் போனேன். ரத்தம், இதயம் எல்லாம் பார்த்தார். "நீங்க என்னை விட நல்லா இருக்கீங்க" என்றார். வீட்டுக்கு வந்து பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்தேன். அவள் "இறக்கி விடு" என்று கத்தினாள். இறக்கவில்லை.

பனி பூத்த கேனை ஸ்டோர் கீப்பரின் மேஜை மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். "புதுசு வர்ற வரைக்கும் ஆய்வகத்துக்கு எப்படிப் போகும்?" என்றான். "ரெண்டாவது கேன் இருக்கே, ரெண்டு நடை போறேன்" என்றேன். இப்போது லிஃப்டில் கேன் மட்டும்தான் போகிறது. மேலே ஆராய்ச்சி செய்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட பெண் நின்று வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கும் காரணத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஜன்னலை அடைத்துக்கொண்டு சின்ன அறையில் ஊற்றிக்கொண்டிருந்தவள். அவளும் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டவள்தான்.

அதனால் நான் இன்னும் கையெழுத்துப் போடப் போவதில்லை. எனக்கு இப்போது புரிந்துவிட்டது. ஆனால் புரிய வைத்தது உன் கடிதம், அந்தத் தாள் இல்லை. மற்றவர்களுக்கு எல்லாம் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓரகத்தி இருக்கிறாளா? எனக்கு எழுதின மாதிரியே, சொம்புக் கணக்கோடு, ஒவ்வொரு விதிக்குக் கீழேயும் எழுது. அப்போது போடுகிறேன்.

காது மருந்து விஷயம். கண்ணுக்கு என்றுதான் நான் நினைத்தேன். நீ அதை அன்றைக்கே, "அக்கா, அது காதுக்கு" என்று மூன்றே சொல்லில் முடித்திருக்கலாம்.

மூத்தவள்

*

மார்ச் 6

அக்கா,

நீங்கள் விழுந்து கிடந்திருக்கக்கூடிய லிஃப்டை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

உங்கள் கடிதத்தைப் பாதுகாப்புக் குழுத் தலைவரிடம் காட்டினேன். சொந்த விஷயங்களை மடித்து மறைத்துவிட்டுத்தான் காட்டினேன். அவர், "காரணமெல்லாம் எழுதினால் இரண்டு தாள் ஐந்து தாள் ஆகும். யார் படிப்பார்கள்?" என்றார். "இப்போது இரண்டு தாளை யார் படிக்கிறார்கள்?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், என் வாயிலிருந்தா வந்தது என்று. உங்களோடு கடிதம் எழுதி எழுதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஒரு கட்டடத்துக்கு எழுதிக் காட்டு, பார்க்கலாம்" என்றிருக்கிறார். உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொண்டேன். புது வரைவோடு பன்னிரண்டாம் தேதி நேரில் வருகிறேன். கேன் கிளம்புவதிலிருந்து மேலே சேர்வது வரை கூடவே இருந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள் என்று தெரியும். பேச வேண்டாம். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.

*

மார்ச் 12

அக்கா,

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும், மன்னியுங்கள். தோள் வலிக்கிறது. நீங்கள் இழுத்த இழுப்பு அப்படி.

நடந்ததை நானே என் கையால் எழுதி வைக்க வேண்டும். குழுவுக்கும் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். துறை அலுவலகம் முதல் மாடியில். அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு, முதலில் மூன்றாவது மாடி ஆய்வகத்தைப் பார்க்கலாம் என்று லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். ஒரு கையில் பை, ஒரு கையில் என் வரைவு. கதவு திறந்தது. ஏழாவது விதிக்குக் கீழே எழுதியிருந்த காரணம் சரியாக வந்திருக்கிறதா என்று படித்துக்கொண்டே காலை உள்ளே வைத்தேன். உள்ளே கேன் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. கேனோடு யாரும் ஏறக் கூடாது என்று எழுதினவள் அதைப் படித்துக்கொண்டே கேனோடு ஏறினேன்.

படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம். "அடியே, அறிவிருக்கா உனக்கு? வெளிய வாடி!" பையோடு, தோளோடு சேர்த்து என்னைப் பின்னால் இழுத்தீர்கள். இருவரும் தரையில் விழுந்தோம். என் தாள்கள் உள்ளேயே விழுந்தன. கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கிளம்பிய கையோடு நடுவில் மாட்டி நின்றது. உள்ளே ஏதோ சாய்ந்து மோதிய சத்தம்.

அதற்குப் பிறகு நான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டு இருந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஏற்றிவிட்டுவிட்டீர்கள். கதவைத் திறந்தபோது என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். எழுதுங்கள்.

*

மார்ச் 16

சின்னவளே,

கேள்.

நீ போன பிறகு லிஃப்ட் மெக்கானிக் வந்தான். அவசரக்காரன். இரண்டாவது மாடிக் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்ததும் தலையை உள்ளே நீட்டப் போனான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா, ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றான். "கொல்லாம இருக்கத்தான் பிடிச்சிருக்கேன்" என்றேன். எழுநூறு சொம்புக் கணக்கை அவனுக்குச் சொன்னேன். உன் கடிதத்தில் இருந்தபடியே, ஒரு சொல் குறையாமல். கண்ணாடிப் பெண் ஆய்வகத்திலிருந்து நல்ல காற்று குறைந்தால் கூவுகிற சின்னக் கருவியைக் கொண்டுவந்தாள். கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினோம்.

அது போட்ட கூச்சல் இருக்கிறதே, மூன்று மாடிக்கும் கேட்டது. எல்லா அறையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். மெக்கானிக் படியில் உட்கார்ந்துவிட்டான். கேன் சாய்ந்து பாதிக்கு மேல் கொட்டியிருந்தது. வெள்ளைப் புகை கதவு வழியாகப் படியில் வழிந்து இறங்கியது. எல்லாரையும் தெருவுக்கு விரட்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, காற்றாடியை வைத்துக் கருவி வாயை மூடும் வரைக்கும் காத்திருந்தோம்.

நீ உள்ளே இருந்திருந்தால் என்பதை நான் எழுதப் போவதில்லை.

மெக்கானிக் போவதற்கு முன்னால், "இந்த லிஃப்டுக்குச் சாவி ஒண்ணு இருக்கும்மா. அதைப் போட்டுத் திருப்பினா நடுவுல எந்த மாடியிலும் நிக்காது, யார் பொத்தானை அமுக்கினாலும் சரி" என்றான். அந்தச் சாவி இத்தனை வருஷமாக ஸ்டோர் கீப்பரின் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எதற்கென்று அவனுக்குத் தெரியாது. அதை விதியில் சேர். தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பூட்டுவதையும் சேர். கதவுக்குக் குறுக்கே சங்கிலி, அதில் பலகை. பலகையில் "ஏறாதே" என்று மட்டும் எழுதாதே, ஏன் என்றும் எழுது.

உன் தாள்கள் கிடைத்தன. விறைத்துப்போய்க் கிடந்தன. உதறினால் உடைந்துவிடும் போல இருந்ததால் அப்படியே உலர்த்திப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது விதியில் ஒரு வாக்கியம் ரயில் மாதிரி நீளம், வெட்டு.

அழுததற்கு வெட்கப்படாதே. அன்று ராத்திரி நானும் அழுதேன்.

மூத்தவள்

*

மார்ச் 24

அக்கா,

நிறைவேறிவிட்டது!

குழுவில் என் அறிக்கையை நானே வாசித்தேன். "எழுதினவளே ஏறினாள்" என்று தொடங்கியதும் ஒருவர் சிரித்தார். கருவி கூவிய இடம் வந்தபோது அவரே, "அதை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்றார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஐந்து தாள் ஆனாலும் பரவாயில்லை" என்றார். இனி பல்கலைக்கழகத்தின் எந்தச் செயல்முறையிலும் ஒவ்வொரு விதிக்குக் கீழும் "ஏனென்றால்" என்று ஒரு வரி இருக்கும். அமிலம் கையாளுகிறவர்கள், நீராவிக் கொதிகலன் பார்க்கிறவர்கள், கூரையில் ஏறி வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும். பழைய கையெழுத்துகள் எல்லாம் செல்லாது. வாய்விட்டுப் படித்துக் காட்டி, கேள்வி கேட்டு, பிறகுதான் போட வேண்டும்.

நேற்று முதல் எங்கள் அலுவலகத்தில் ஆட்சேபனைக் கடிதங்கள் வந்து குவிகின்றன. கொதிகலன் பார்ப்பவர் ஒருவர் மட்டும் பதினாறு கேள்வி கேட்டிருக்கிறார். என் மேஜையில் தேநீர் வைக்க இடமில்லை. எனக்கு இவ்வளவு சந்தோஷமான வேலை நெருக்கடி வந்ததே இல்லை.

உங்கள் கட்டடத்துக்குத்தான் முதல் பிரதி. இத்துடன் வருகிறது. ரயில் வாக்கியத்தை மூன்றாக வெட்டிவிட்டேன். உங்கள் நீட்டிப்பு பற்றித் துறைத் தலைவர் தாமாகவே எழுதிக் கேட்டிருக்கிறார்.

இப்போதாவது போடுவீர்களா?

*

மார்ச் 30

என் சின்னவளுக்கு,

போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேள்.

காலையில் துறைத் தலைவர் எல்லாரையும் தொட்டிப் பக்கம் வரச் சொன்னார். பேராசிரியர்கள், ஆராய்ச்சிப் பிள்ளைகள், ஸ்டோர் கீப்பர், தோட்டக்காரர்கள், எல்லாரும். "முதல்ல நீங்க படிங்க" என்று தாளை என் கையில் கொடுத்தார். ஐந்து தாள். "நாற்காலி போடச் சொல்லட்டுமா பாட்டி?" என்றான் ஸ்டோர் கீப்பர். "நீ வேணா உக்காரு" என்றேன்.

விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, என் வேகத்துக்குத்தான் படித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட நகரவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விதி, ஏனென்றால். விதி, ஏனென்றால். கையுறை வந்தபோது கழற்றி உதறிக் காட்டினேன். எழுநூறு சொம்பு வந்தபோது தோட்டக்காரர் ஒருவர் "அம்மாடியோ" என்றார். ஒரு பேராசிரியர் கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார், நல்ல கேள்வி. கேன் மேலே போய்ச் சேர்ந்த பிறகு லிஃப்டில் எப்போது ஏறலாம் என்று. தாளில் பார்த்தோம், இல்லை. அவரையே அதைக் கேட்டு உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். உடனே பதில் போடு. மேஜையில் இடமில்லை என்று சாக்குச் சொல்லாதே.

கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். கண்ணாடிப் பெண் கை தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்து ஜன்னல்களிலிருந்துகூடத் தட்டினார்கள், அவர்களுக்கு என்ன தெரியுமோ. ஸ்டோர் கீப்பர் பேனாவைத் திறந்து நீட்டினான். முழுப் பெயரையும் எழுதினேன், தகப்பன் பெயரோடு, கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக.

பிறகு புதுக் கேனை நிரப்பினேன். சக்கரத்தைப் பூட்டி, சாவியைத் திருப்பி, சங்கிலியை மாட்டி, அதை அனுப்பிவைத்தேன். கூட்டம் வழிவிட்டது. கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடியும் ஏறினேன். மேலே போய் நின்றபோது லிஃப்ட் இன்னும் இரண்டாவது மாடியைத்தான் தாண்டிக்கொண்டிருந்தது.

உன் அக்கா